டேவிஸ் பெப்பர் ஸ்பிரே விவகாரம்: பல்கலைக்கழகக் கோப்புகள் வெளியே வந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் ஒரு போலீஸ்காரர் ஆரஞ்சு நிறத்தில் பெப்பர் ஸ்பிரே அடித்துக்கொண்டே நடந்து போகும் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அதற்கப்புறம் ஐந்தாண்டு நடந்த காகிதச் சண்டையை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. யார் உத்தரவு போட்டார்கள், எந்தப் பெயரை மறைத்தார்கள், மறைப்பதற்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்பதெல்லாம் அந்தச் சண்டையில்தான் தெரியவந்தது. அதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

கலிபோர்னியா பல்கலைக்கழகம் பல ஊர்களில் வளாகங்கள் கொண்ட ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். கட்டண உயர்வை எதிர்த்து அந்த ஆண்டு எல்லா வளாகங்களிலும் கொந்தளிப்பு. நவம்பர் 9 அன்று பெர்க்லி வளாகத்தில் போலீஸ் தடியால் மாணவர்களைக் குத்தித் தள்ளியது. அதைக் கண்டித்தும் சேர்த்துத்தான் டேவிஸ் மாணவர்கள் நவம்பர் 17 அன்று வளாகத்தின் நடுவே இருக்கும் பெரிய புல்வெளியில் கூடாரம் போட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3 மணிக்குள் கூடாரங்களை எடுத்துவிட வேண்டும் என்று நிர்வாகம் கெடு வைத்தது. கெடு முடிந்ததும் வளாகப் போலீஸ் வந்தது. சிலரைக் கைது செய்ததும், மற்ற மாணவர்கள் நடைபாதையின் குறுக்கே கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். லெப்டினன்ட் ஜான் பைக் என்ற அதிகாரி அவர்கள் முன்னால் நின்று வரிசையாக ஸ்பிரே அடித்துக்கொண்டே போனார். கைதானவர்கள் பத்துப் பேர்.

மறுநாள் இரவு சான்சலர் லிண்டா கதேஹி ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வந்து காருக்குப் போனார். வழி நெடுக இருபுறமும் மாணவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீடியோவும் இருக்கிறது. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

(சான்சலர் என்றதும் நம்மூர் வேந்தரை, அதாவது ஆளுநரை, நினைக்க வேண்டாம். அங்கே அது வளாகத்தை நேரடியாக நடத்துகிறவரின் பதவி. நம் கணக்கில் துணைவேந்தர்.)

எல்லாம்தான் வீடியோவில் இருக்கிறதே, ஆவணம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. வீடியோவில் தெரிவது ஸ்பிரே அடித்த கை. அந்தக் கையை அங்கே அனுப்பியது யார், எதற்கு, எந்தச் சட்டத்தை வைத்து என்பதெல்லாம் அதில் தெரியாது.

பல்கலைக்கழகத்தின் தலைவர் மார்க் யூடாஃப் இரண்டு விசாரணைகளுக்கு ஏற்பாடு செய்தார். ஒன்று, க்ரோல் என்ற தனியார் புலனாய்வு நிறுவனத்தின் வேலை. இன்னொன்று, மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி குரூஸ் ரெய்னோசோ தலைமையில் அமைந்த குழு. 2012 ஏப்ரலில் இரண்டு அறிக்கைகளும் ஒன்றாக வந்தபோது வெளியான விவரங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

கூடாரங்களை அகற்ற எந்தச் சட்டம் இடம் கொடுத்தது என்பதே யாருக்கும் தெளிவாக இல்லை. பொது இடத்தில் இரவு தங்கக் கூடாது என்ற விதியை நம்பி, பட்டப்பகலில் மூன்று மணிக்குப் படையை அனுப்பியிருக்கிறார்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தது சான்சலர். வளாகத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள் கூடாரத்துக்குள் புகுந்துவிடுவார்கள் என்ற பயத்தில் அவசரப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் போதவில்லை என்கிறது குழு. முடிவெடுத்த விதமும் அப்படித்தான். உயரதிகாரிகள் தொலைபேசியில் கூடிப் பேசினார்கள். பேசி முடித்தபோது ஆளுக்கொரு முடிவைக் காதில் வாங்கியிருந்தார்கள். பெர்க்லி போல ஆகிவிடக் கூடாது என்று சான்சலர் சொன்னார். பலப்பிரயோகமே கூடாது என்று தான் சொல்லிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கு அப்படிப் புரியவில்லை.

போலீஸ் பக்கம் இன்னும் மோசம். கலவரத் தடுப்பு உடுப்பு வேண்டாம் என்பது வளாகப் போலீஸ் தலைவர் அன்னெட் ஸ்பிகூசாவின் எண்ணம். வந்தவர்களோ தலைக்கவசமும் தடியுமாக வந்து நின்றார்கள். பைக் கையில் இருந்தது எம்கே-9 என்ற பெரிய குப்பி. அந்தத் துறையின் விதிப்படி அனுமதி இருந்தது சிறிய எம்கே-4க்கு மட்டும். பெரிய குப்பியை அடிக்கக் குறைந்தது ஆறடி தூரம் தள்ளி நிற்க வேண்டும். அதற்கான பயிற்சியும் அவர்களுக்குத் தரப்பட்டிருக்கவில்லை.

அப்புறம், மாணவர்கள் சூழ்ந்துகொண்டு போலீஸை வெளியே விடவில்லை என்ற வாதம். முதல் சில நாட்கள் நிர்வாகம் பிடித்துத் தொங்கியது இதைத்தான். ஸ்பிரே அடிப்பதற்கு முன் உட்கார்ந்திருந்த மாணவர்களின் வரிசையைப் பைக் தாண்டிக் கடந்து அந்தப் பக்கம் போனார் என்று அறிக்கை எழுதியிருக்கிறது. சிறைபட்டவர் அவ்வளவு சுலபமாக வெளியே போய்விட்டார்.

இந்தச் சம்பவம் தடுத்திருக்கக்கூடியது, தடுத்திருக்க வேண்டியது என்பதுதான் குழுவின் முதல் முடிவு.

எந்தச் சட்டத்தை வைத்து ஆவணங்களைக் கேட்டார்கள்?

கலிபோர்னியா பொது ஆவணச் சட்டம், 1968. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைவிட 37 வயது மூத்தது. 2004இல் வாக்கெடுப்பு நடத்தி இந்த உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகம் இதற்குக் கட்டுப்பட்டது.

நம் சட்டத்தோடு ஒப்பிட்டால் சில வித்தியாசங்கள் உண்டு. இங்கே ஆர்டிஐ போட இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்பது இரண்டுக்கும் பொது. இங்கே 30 நாள் கெடு. அங்கே 10 நாள், தேவைப்பட்டால் இன்னும் 14 நாள். ஆனால் அந்தப் பத்து நாளில் அவர்கள் சொல்ல வேண்டியது தருவோமா மாட்டோமா என்பதை மட்டும்தான். தாள் கையில் எப்போது கிடைக்கும் என்பது வேறு கதை.

இங்கே தகவல் தராத அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் அபராதம் விதிக்கத் தகவல் ஆணையம் இருக்கிறது. அங்கே ஆணையம் கிடையாது. நேரே நீதிமன்றம்தான். ஜெயித்தால் உங்கள் வக்கீல் செலவை எதிர்த்தரப்பு கட்ட வேண்டும். பத்திரிகைகள் துணிந்து வழக்குப் போடுவதற்கு இந்த ஒரு விதி பெரிய காரணம்.

அறிக்கை வெளிவர ஏன் தாமதம்?

2012 மார்ச் தொடக்கத்தில் வெளியாகியிருக்க வேண்டியது. வளாகப் போலீஸாரின் சங்கம் அலமீடா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. போலீஸ்காரர்களின் பணிப் பதிவேடுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் உண்டு. விசாரணையில் அதிகாரிகள் கொடுத்த வாக்குமூலமும் பணிப் பதிவேடுதான், ஆகவே அதை வைத்து எழுதிய அறிக்கையும் ரகசியம் என்பது சங்கத்தின் வாதம்.

கடைசியில் பேரம் படிந்தது. அறிக்கை வரும், பெயர்கள் வராது. பைக், ஸ்பிகூசா இருவர் பெயரும் ஏற்கெனவே ஊருக்கே தெரியும் என்பதால் அவை மட்டும் இருந்தன. மற்ற போலீஸ்காரர்கள் எல்லாம் ‘அதிகாரி இன்னார்’ என்று எழுத்தும் எண்ணுமாக மாறிப்போனார்கள். சீருடையோடு, முகம் தெரிய, நூற்றுக்கணக்கான செல்போன்களுக்கு முன் நின்றவர்களின் பெயர் ரகசியமாம்.

பெயர்கள் பின்னால் வெளிவந்தனவா?

வந்தன, வழக்காடித்தான். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. சாக்ரமென்டோ பீ நாளிதழும் சேர்ந்துகொண்டது. பல்கலைக்கழகமே பெயர்களை வெளியிடுவதைப் பெரிதாக எதிர்க்கவில்லை; முட்டி நின்றது சங்கம். கீழ் நீதிமன்றம் பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்கம் மேல்முறையீடு செய்தது. 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் கவனிக்க வேண்டியது. இந்த அறிக்கைகள் எந்தப் போலீஸ்காரரையும் தண்டிக்கவோ பதவி உயர்த்தவோ எழுதப்பட்டவை அல்ல. நடந்தது என்ன, இனி என்ன செய்ய வேண்டும் என்று பார்க்க எழுதப்பட்டவை. ஆகவே இவை பணிப் பதிவேடு ஆகா. அதிகாரியின் பெயர் ஒரு தாளில் இருப்பதாலேயே அது அவருடைய சொந்தக் கோப்பு ஆகிவிடாது. ஒவ்வொரு அதிகாரியின் மீதும் துறை தனியாக நடத்திய ஒழுங்கு விசாரணைக் கோப்புகளை நீதிமன்றம் இதில் தொடவில்லை.

விவகாரம் அதன் பிறகு மாநில உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை போனது. ஒரு பிற்பகலில் நின்ற ஆட்களின் பெயருக்கு இவ்வளவு அலைச்சல்.

பைக்குக்கும் மாணவர்களுக்கும் கடைசியில் என்ன ஆயிற்று?

2012 ஜூலை முடிவில் பைக்கை வேலையை விட்டு நீக்கினார்கள். துறைக்குள் நடந்த விசாரணை அவ்வளவு கடுமையான தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. புதிதாக வந்த போலீஸ் தலைவர் அதை ஏற்கவில்லை. இதுவும் வெளியே தெரிந்தது சாக்ரமென்டோ பீ கைக்கு ஆவணங்கள் போய்ச் சேர்ந்ததால்தான். குற்ற வழக்குத் தொடரப்போவதில்லை என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார்.

மாணவர்கள் போட்ட வழக்கு 10 லட்சம் டாலருக்குச் சமரசமானது. வழக்குத் தொடுத்த 21 பேருக்கு ஆளுக்கு 30,000 டாலர், கூடவே சான்சலர் எழுதிய மன்னிப்புக் கடிதம். 2013இல் பைக்குக்கும் ஒரு தொகை கிடைத்தது. சம்பவத்துக்குப் பின் வந்த மிரட்டல்களால் மனநலம் கெட்டது என்று அவர் கேட்ட தொழிலாளர் இழப்பீடு: 38,055 டாலர். முகத்தில் வாங்கியவரைவிட அடித்தவருக்கு 8,055 டாலர் கூட.

கூகுளில் இருந்து அழிக்கப் பல்கலைக்கழகமே பணம் கொடுத்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்த விவகாரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

2016 ஏப்ரலில் சாக்ரமென்டோ பீ ஒரு செய்தி போட்டது. பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய ஒப்பந்தங்களை வைத்து எழுதியது. பெப்பர் ஸ்பிரே சம்பவத்தைத் தேடினால் வரும் முடிவுகளைக் கீழே தள்ளவும், பல்கலைக்கழகத்தின் பெயரையும் சான்சலரின் பெயரையும் துலக்கவும் வெளி ஆலோசகர்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் போயிருக்கிறது.

2013 ஜனவரியில் மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தோடு ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 15,000 டாலர். அந்த நிறுவனம் கொடுத்த திட்டத்தில், கூகுள் தேடலில் சம்பவத்தைப் பற்றிய குறிப்புகளை அடியோடு ஒழிப்பது ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருந்தது. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எழுத்தில் கொடுத்தார்கள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் கொடுத்தால் அது பொது ஆவணம். 2014இல் சாக்ரமென்டோவிலேயே இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு 82,500 டாலர்.

விளைவு என்ன தெரியுமா? செய்தி வந்த அன்றைக்கே அந்த ஆரஞ்சுப் புகைப் படம் மறுபடி எல்லாப் பத்திரிகைகளிலும் ஏறியது. ஐந்து வருடத்தில் தானாகவே மறந்துபோயிருக்கக்கூடிய ஒன்றைக் காசு கொடுத்து ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

வெளி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருந்து பணம் வாங்கியதற்காகச் சான்சலரைப் பதவி விலகச் சொல்லி மாணவர்கள் அந்த நேரத்தில் ஏற்கெனவே அவருடைய அலுவலகக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் 27 அன்று பல்கலைக்கழகத் தலைவர் ஜேனட் நபோலிடானோ அவரை விடுப்பில் அனுப்பி விசாரணை வைத்தார். அந்த ஒப்பந்தங்களில் தன் பங்கைக் கதேஹி குறைத்துச் சொன்னதாக விசாரணை கண்டது. ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். வீடியோ வந்தபோது அசையாத நாற்காலி, ரசீது வந்தபோது ஆடியது.

ஒரு கிளைக்கதை. கதேஹி கிரேக்க நாட்டுக்காரர். 1973 நவம்பர் 17 அன்று ஏதென்ஸ் பாலிடெக்னிக்கின் வாயிற்கதவை ராணுவ டாங்கி இடித்துக்கொண்டு நுழைந்தது கிரேக்கர்கள் மறக்காத நாள். அப்போது அவர் அங்கே மாணவி. ஸ்பிரே சம்பவத்துக்கு மூன்று நாள் கழித்து மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்ட மேடையில் அவரே அந்தத் தேதியைச் சொல்லி, நான் அங்கே இருந்தேன் என்றார். டேவிஸில் கூடாரம் எழுந்ததும் அதே நவம்பர் 17.

இப்படிக் கேட்டால் மாணவர்களின் விவரமும் வெளியே வந்துவிடாதா?

நியாயமான பயம். மாணவர்களின் கல்விப் பதிவேடுகளைக் காக்க 1974இல் இருந்து அமெரிக்க மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு போன்றவை பொதுவாக வெளியே வராது. ஆனால் வளாகப் போலீஸ் தன் வேலைக்காக எழுதிவைக்கும் பதிவுகள் அந்தச் சட்டத்தின்படி கல்விப் பதிவேடு ஆகா. கைதான மாணவரின் பெயர் போலீஸ் குறிப்பில் இருந்தால் அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

நிர்வாகங்கள் இதே சட்டத்தைக் குடையாகவும் பிடிப்பதுண்டு. கேட்டது சான்சலரின் மின்னஞ்சல். பதிலில் வருவது மாணவர் அந்தரங்கம். அப்படி வந்தால், மாணவர் பெயரை மட்டும் மறைத்து மீதியைக் கொடுங்கள் என்று திருப்பிக் கேட்கலாம். மறைக்கக்கூடியதைப் பிரித்து மீதியைத் தர வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டத்தில் தெளிவாக இருக்கிறது.

அதிகாரிகள் சொந்தச் செல்போனில் பேசிக்கொண்டால்?

தப்ப முடியாது. சான் ஹோசே நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. பொதுப் பணியைப் பற்றிய செய்தி சொந்த மின்னஞ்சலில் இருந்தாலும், சொந்த போனில் இருந்தாலும் அது பொது ஆவணமே. டேவிஸ் நடந்தபோது இந்தத் தீர்ப்பு இல்லை.

எவ்வளவு செலவாகும்?

நகல் எடுக்கும் செலவு மட்டும்தான். தேடுவதற்குக் கூலி கேட்கக் கூடாது. வீடியோவில்தான் தகராறு வரும். 2014இல் பெர்க்லியில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் பணிசெய்த ஹேவர்ட் நகரப் போலீஸாரின் உடல் கேமராப் பதிவுகளை ஒரு வழக்கறிஞர் சங்கம் கேட்டது. ரகசியப் பகுதிகளை வெட்டி எடுத்த கூலி என்று நகரம் 3,000 டாலருக்கு மேல் பில் போட்டது. வெட்டி மறைக்கும் கூலியைக் கேட்பவர் தலையில் கட்டக் கூடாது என்று 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்றைக்கு இதே மாதிரி நடந்தால் போலீஸ் பெயர்களை மறைக்க முடியுமா?

கொஞ்சம் கஷ்டம். 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உயிர்போன அல்லது கடுங்காயம் ஏற்பட்ட பலப்பிரயோகங்களின் கோப்புகளைத் திறந்துவிட்டது. 2022இல் வந்த இன்னொன்று, அளவுமீறிய பலம் பயன்படுத்தியது நிரூபணமான கோப்புகளையும் சேர்த்தது. நிரூபணமான என்பதைக் கவனியுங்கள். துறைக்குள் நடக்கும் விசாரணை ‘தவறில்லை’ என்று முடிந்துவிட்டால் இந்த வழி திறக்காது.

தனியார் பல்கலைக்கழகம் என்றால்?

பொது ஆவணச் சட்டம் அங்கே செல்லாது. ஸ்டான்ஃபோர்டிடம் இப்படிக் கேட்க முடியாது. ஆனால் வெளியில் இருந்து வந்த ஊர்ப் போலீஸிடம் கேட்கலாம்.

போராட்டம் பற்றிய ஆவணங்களை எப்படிக் கேட்பது?

“போராட்டம் பற்றிய எல்லாத் தாள்களும்” என்று எழுதினால், மலைபோல் இருக்கிறது என்று சொல்லி மாதக்கணக்கில் இழுப்பார்கள். தேதி, ஆள், பொருள் மூன்றையும் சுருக்கிக் கேளுங்கள். டேவிஸை வைத்தே சொன்னால், நவம்பர் 14 முதல் 21 வரை சான்சலர் அலுவலகத்துக்கும் போலீஸ் தலைவருக்கும் இடையே கூடாரம் என்ற சொல் வரும் மின்னஞ்சல்கள். அன்றைய போலீஸ் செயல்திட்டத் தாள். பெப்பர் ஸ்பிரே பற்றிய துறை விதி. குப்பி வாங்கிய ரசீது. கடைசியாகச் சொன்னது போன்ற சில்லறைத் தாள்களை யாரும் மறைக்க நினைப்பதில்லை, ஆனால் விதியில் எம்கே-4, ரசீதில் எம்கே-9 என்று இருந்தால் அது போதும்.

போராட்டம் அடங்கிய பிறகும் இன்னொரு முறை கேளுங்கள், இந்த முறை விளம்பர, ஆலோசனை ஒப்பந்தங்களை.

மறுத்தால் எவ்வளவு காலம் போராட வேண்டியிருக்கும்?

டேவிஸ் பெயர்களுக்கு இரண்டாண்டுக்கு மேல். இதைக் குறைவு என்று சொல்ல வைக்கும் ஒரு கதை அதே பல்கலைக்கழகத்தில் உண்டு. 1960களில் பெர்க்லி மாணவர் போராட்டத்தை எஃப்பிஐ உளவு பார்த்த கோப்புகளை, செத் ரோசன்ஃபெல்ட் 1980களின் தொடக்கத்தில் மாணவப் பத்திரிகையாளராக இருந்தபோது கேட்டார். அது மத்திய அரசின் சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பம். ஐந்து வழக்குகளும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளும் கழித்து 3,00,000 பக்கங்களுக்கு மேல் வெளியே வந்தன. பெர்க்லி மாணவர்களை அடக்குவதாகச் சொல்லி ஆளுநரான ரொனால்ட் ரீகனுக்கு எஃப்பிஐ ரகசியமாக உதவியதும் அந்தப் பக்கங்களில் இருந்தது. 1968இல் கலிபோர்னியா பொது ஆவணச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநரும் அதே ரீகன்தான்.